ஓரெழுத்துக் கட்டளை

அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். குழுத் தலைவர், பிழை கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட அக்கா, நிரல் எழுதும் ஒல்லி. அவர்கள் முன்னால் பெயரில்லாத ஒரு கோரிக்கை.

அலுவலகம் முழுக்கப் பயன்படுத்தும் கருவி அது. கறுப்புத் திரையில் நீளமான கட்டளைகளை அடித்தால்தான் எந்த வேலையும் நடக்கும்.

அக்கா வாசித்தாள். "‘எல்லாக் கட்டளைக்கும் ஓரெழுத்துச் சுருக்கம் வேண்டும். இந்தப் பதிப்பில் வராவிட்டால் என் வேலை போய்விடும்.’ அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"முழுசா அடிச்சா நகம் தேஞ்சிருமாமா?" என்றான் ஒல்லி. "அவனவன் மெஷின்ல சுருக்கம் வெச்சுக்க வேண்டியதுதானே?"

"எல்லா மெஷினையும்தான் பூட்டி வெச்சிருக்காங்களே, எங்க வெக்கிறது? கருவிக்குள்ளயே வந்தாத்தான் உண்டு. இன்னிக்கு வர்ற பதிப்பை விட்டா அடுத்த வருஷம்தான்," என்றாள் அக்கா.

தலைவர் கைகளைக் கட்டியபடி கண்ணை மூடியிருந்தார். "அனுப்பினது யாருன்னு தேடிப் பார்த்தீங்களா?"

"இல்ல சார். பேர் சொல்ல விரும்பாதவங்களை எதுக்குத் தோண்டணும்?"

"பெரிய தர்மதேவதை. சரி, சேர்த்துத் தொலைங்க."

மூன்று மணி நேரம் ஆனது. கட்டளைப் பட்டியல் பாதிகூட நகரவில்லை. மூவருக்கும் தலை கனத்தது.

"ரன்னுக்கு ஆர் வெச்சா, ரிமூவுக்கு என்ன வெக்கிறது? அதுவும் ஆர்லதானே ஆரம்பிக்குது?" என்றாள் அக்கா. "ஓட்டப் போனவன் எல்லாத்தையும் அழிச்சுட்டு உக்காந்திருப்பான்."

"ரிமூவுக்குச் சுருக்கமே வேணாம்," என்றார் தலைவர். "அழிக்கிறவன் முழுசா அடிச்சு, யோசிச்சு அழிக்கட்டும்."

ஒல்லி விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினான். "அப்ப அனுமதியை நீங்களே அடிச்சிருங்க சார். நாளைக்கு எவனாவது கத்தினா என் தலையில விடியும்."

தலைவர் கட்டிய கைகளை எடுக்கவில்லை. "நான் சொல்றேன், நீ அடி. என் பேர்லயே போடு."

"மகாராஜா உத்தரவு," என்று முனகிக்கொண்டே ஒல்லி அடித்தான்.

மாலை ஐந்துக்குப் புதிய பதிப்பு வெளியானது. நன்றி சொல்லவும் ஆளில்லை, திட்டவும் ஆளில்லை.

அக்கா பையை எடுத்தாள். "யாரோ பாவம், பொழச்சுப் போகட்டும்."

"பாவமா? சரியான சோம்பேறிக்கா அவன்," என்றான் ஒல்லி.

தலைவர் தன் அறைக்குள் போனார். கதவை முழங்கையால் சாத்தினார். தாழ்ப்பாளையும் முழங்கையாலேயே தள்ளிப் பூட்டினார். விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டே கிடந்தன.

பிறகு, பூட்டிய கதவைப் பார்த்து மெல்லச் சொன்னார்:

"அந்த ரெண்டு வரியை அடிக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சுடா."