பிணைக் கையெழுத்து

"நிமலினி, திங்கட்கிழமை காலமை நீ கந்தோரிலை நிப்பாய்தானே?"

"ஓம் அக்கா, வாறன்."

"பாஸ்போட் ஆரிட்டை? அண்ணையிட்டைக் குடுத்து வைக்கேல்லையே?"

"இல்லை அக்கா, என்ரை பாக்கிலைதான் கிடக்கு."

"கவனம் பிள்ளை. எனக்கு இஞ்சை சோறே இறங்குதில்லை. சேர்ச்சிலை உன்ரை பேரைச் சொல்லித்தான் செபிச்சனான். திங்கட்கிழமை, என்ன? செவ்வாய் எண்டு இழுத்துப்போடாதை."

ரொறன்ரோவில் மாநாட்டு மண்டபத்தின் வாசலில் நின்றபடி நிமலினி கைபேசியை வைத்தாள். ஐந்து நாளில் இது பதினோராவது அழைப்பு. பெண் பொறியியலாளர் வலையமைப்பின் மாநாடு அது. மருதனார்மடத்துத் தோட்டக் கிணறுகளின் தண்ணீரைப் பற்றி அவள் பேசி முடித்தபோது மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. ஆனால் அவள் காதில் நின்றதென்னவோ யாழ்ப்பாணத்திலிருந்து சுகிர்தம் அக்கா கேட்கும் இந்தக் கேள்விதான்.

அக்காவைக் குறை சொல்லவும் முடியாது. முன்பு அவர்கள் இருவரும் வேலை செய்யும் கந்தோரிலிருந்து பயிற்சிக்கென்று பறந்த இரண்டு பேர், பறந்த இடத்திலேயே கூடு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு யார் வெளிநாடு போவதென்றாலும், கூட வேலை செய்கிற ஒருவர் பிணைக் கையெழுத்து வைக்க வேண்டும். போனவர் திரும்பாவிட்டால் வைத்தவரின் பதவி உயர்வும் பென்சனும் அந்தரத்தில் தொங்கும். நிமலினிக்கு மாநாட்டு அழைப்பு வந்தபோது கந்தோரில் ஒருவருடைய பேனாவிலும் மை இருக்கவில்லை. சுகிர்தம் அக்கா மட்டும் கேட்ட மறுநிமிடமே வைத்தார். அந்த நன்றியும் பயமும் சேர்ந்து ஐந்து நாளாக அவளை உருட்டிக்கொண்டிருந்தன.

வெளியே அண்ணன் தேவராஜா காரோடு நின்றார். பின் இருக்கையில் அம்மா. காரில் ஏறியதும் அண்ணன் தொடங்கிவிட்டார்.

"லோயரோடை கதைச்சிட்டன். இண்டைக்கு நீ பிளேன் ஏறாமல் நிண்டால் போதும். மிச்சத்தை அவர் பாப்பார்."

"வேண்டாம் அண்ணை."

"அங்கை உனக்கு ஆர் இருக்கினம்? அம்மாவும் இஞ்சை, நானும் இஞ்சை. அப்பா போய்ச் சேந்திட்டார். ஆருக்காகத் திரும்பிப் போறாய்?"

"சுகிர்தம் அக்கா கையெழுத்து வைச்சிருக்கிறா."

"ஒரு கையெழுத்துக்காக அம்மாவை விட்டிட்டுப் போறியே?"

"நான் நிண்டால் அவவின்ரை கதி என்ன அண்ணை? என்னை நம்பி வைச்சவ."

ஏழு வருடத்துக்குப் பிறகு கண்ட மகளின் கையைப் பிடித்த அம்மா, விமான நிலையம் வரும்வரை விடவேயில்லை. கடைசியில் நிமலினியே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உள்ளே போனாள். விமானத்தின் கதவு சாத்துவதற்குள் இரண்டு தடவை இருக்கையை விட்டு எழும்பினாள். இரண்டு தடவையும் சுகிர்தம் அக்காவின் முகம் வந்து இருத்திவிட்டது. கதவு சாத்திய பிறகு வாய்விட்டு அழுதாள்.

திங்கட்கிழமை காலை. யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பெட்டியும் கையுமாக நேரே கந்தோருக்குத்தான் போனாள். வாசல் படலையடியிலேயே சுகிர்தம் அக்கா நின்றுகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"வந்திட்டாய்! கர்த்தருக்குத் தோத்திரம். நீ வரமாட்டாய் எண்டு எல்லாரும் சொல்லிச் சொல்லி என்னைச் சாக்கொண்டு போட்டினம்."

"உங்களை அந்தரத்திலை விட்டிட்டு நிப்பனே அக்கா?"

அம்மாவின் கையை விட்டுவிட்டு வந்தது சரிதான் என்று ஐந்தாறு நாளில் முதல் தடவையாக நிமலினிக்கு மனம் ஆறியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

"களைச்சு வந்த பிள்ளைக்குக் கரைச்சல் குடுக்கிறன். இந்த வலையமைப்பின்ரை கூட்டம் ஒண்டு வாற கிழமை லண்டனிலை இருக்கு. மூண்டே மூண்டு நாள். படிவம் குடுக்கக் கடைசி நாள் இண்டைக்கு. எனக்கு ஆர் பிணை வைப்பினம், உன்னை விட்டால்?"

"இதுக்குப்போய்க் கேக்க வேணுமே அக்கா? தாங்கோ."

பெட்டியின் மேலேயே படிவத்தை வைத்து, ஒரு வரிகூட வாசிக்காமல் கையெழுத்துப் போட்டாள். அக்கா அதை வாங்கிக்கொண்டு பணிப்பாளரின் அறைக்கு இரண்டு இரண்டு படியாக ஏறினார். பத்து நிமிடத்தில் முத்திரை குத்திய கடிதத்தோடு இறங்கி வந்து, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அரை நாள் லீவில் போயும்விட்டார்.

நிமலினி மேசையில் போய் அமர்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். அப்போதுதான் கந்தோர் சாரதி இளையதம்பி உள்ளே வந்தார்.

"வந்திட்டியளே மிஸ்! பயணமெல்லாம் சுகமே?"

"ஓம் அண்ணை. உங்கடை பாடு எப்பிடி?"

"எங்கடை மச்சான் அரியாலையிலை ஒரு வீடு வாங்கிப்போட்டார் மிஸ். உங்களுக்குக் கனடா அழைப்பு வர முதலே உறுதி எழுத்து முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை வீட்டுத் திறப்புக் கொத்துக் கைக்கு வருது."

"நல்ல விசயம். ஆற்றை வீடு?"

"எங்கடை சுகிர்தம் மிஸ்ஸின்ரைதான். கட்டில், அலுமாரி, சட்டி பானை எல்லாத்தோடையும் குடுத்திட்டா. வளத்த நாயையும் எங்களையே வைச்சுப் பாக்கச் சொல்லிப்போட்டா."