முகமூடிக்காரன் சொன்ன காரணம்

"கூட இருந்தே குழி பறிச்சவனுக்கு என்ன மேடம் மனோதத்துவம்? கெட்டவன். அவ்வளவுதான்."

ஹீரோ மைக்கை விட்டு நகர்ந்து தண்ணீர் குடித்தான். ஒரே ஒரு வரிக்குப் பதினோரு டேக் ஆகியிருந்தது.

அவன் நிஜப் பெயரை டப்பிங் ஸ்டூடியோவில் யாரும் சொல்வதில்லை. ஜப்பானிலிருந்து எந்த அனிமே கார்ட்டூன் தொடர் வந்தாலும் தமிழில் நல்லவனுக்கு இவன்தான் குரல். அதனால் ஹீரோ என்ற பெயரே ஒட்டிக்கொண்டுவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் டைரக்டரம்மா விடுவதாக இல்லை.

"அப்படி ஒரேயடியாச் சொல்லிட முடியுமா? கதையில ரெண்டு பேரும் கோட்டையில ஒரே அறையில வளர்ந்தவங்க. ஒருத்தனுக்குத் தளபதி பதவி வர்ற நேரத்துல இன்னொருத்தன் அவனை ஒற்றன்னு பொய்யாப் போட்டுக் கொடுக்கறான். ஏன் பண்ணான்னு ரசிகர்கள் எல்லாம் மண்டையை உடைச்சுக்கறாங்க."

"பொறாமைதான். வேற என்ன இருக்கப்போவுது?"

"சரி, விடுங்க. உங்க வரி, 'ஏன்டா இப்படிப் பண்ணினே?' அதுல வலி வேணும். நீங்க பஸ் ஏன் லேட்டுன்னு கேட்கற மாதிரி கேட்கறீங்க."

சவுண்டு எஞ்சினியர் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஹீரோவுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்யதை தனக்குக் கிடையாது என்பது அங்கே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

டப்பிங்கில் எல்லாரும் சேர்ந்து நின்று பேசுவதில்லை. ஒவ்வொருவராக வந்து, மற்றவர் பேசிவைத்ததை ஹெட்போனில் கேட்டு, தன் பங்கைப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தொடரில் வில்லனுக்குப் பேசுபவன் வெங்கலம். குரல் அப்படி, அதனால் பட்டப்பெயரும் அப்படி. அவன் காலையில் வருவான், ஹீரோ மத்தியானம். காலையில் தனக்குக் குரல் எழும்பாது என்று சொல்லி ஹீரோதான் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டான். சுத்தப் பொய். விடியும்போதே அவன் குரல் கணீரென்றுதான் இருக்கும். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

இரண்டு பேரும் நேரில் பேசி எட்டு வருஷம். ஆனால் வாரத்தில் மூன்று நாள் ஹீரோவின் காதுக்குள்ளேயே வெங்கலம் பேசினான். வசனத்துக்கு முன்னால் செருமுவதை, தப்பாகப் பேசிவிட்டு 'சாரி, இன்னொண்ணு' என்பதை, ஒன்றையும் ஹீரோ தவறவிடமாட்டான். போன வாரம் வெங்கலத்துக்குச் சளி பிடித்திருந்தது. விசாரிக்க ஆசையாக இருந்தது. எந்த முகத்தோடு விசாரிப்பது?

ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே அலாரம். ஒரு பெரிய தொடருக்குச் சேர்ந்தே போய் வாய்ஸ் டெஸ்ட் கொடுத்தார்கள். மறுநாள் ஸ்டூடியோவிலிருந்து போன் வந்தபோது வெங்கலம் குளித்துக்கொண்டிருந்தான். ஹீரோதான் எடுத்தான்.

"உங்க ஃப்ரெண்டைத்தான் ஹீரோவுக்கு செலக்ட் பண்ணியிருக்கோம். நாளைக்கு வரச் சொல்லுங்க."

"அவனுக்குத் தொண்டையில ஆபரேஷன் சார். மூணு மாசம் பேசவே கூடாதுன்னுட்டாங்க."

நாக்குக் கூசாமல் சொன்னான். வாய்ப்பு இவனுக்கு வந்தது.

அடுத்த மாதமே வெங்கலம் பெட்டியைக் கட்டினான். "ரூம் கொஞ்சம் சின்னதா இருக்குடா," என்றான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு விஷயம் தெரியாது என்பது ஹீரோவின் நம்பிக்கை.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?" என்றார் டைரக்டரம்மா. "இந்தத் தடவை உங்க வரியோட நிறுத்தாம, வில்லன் சொல்ற பதிலையும் சேர்த்து ஓட்டறேன். கேளுங்க, மூடு வரும்."

திரையில் சிறைக் கம்பிக்கு வெளியே இரும்பு முகமூடியோடு வில்லன் நின்றான்.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?" என்றான் ஹீரோ.

ஹெட்போனில் வெங்கலம் ஒருமுறை செருமினான். பிறகு, பக்கத்துப் படுக்கையில் இருப்பவனிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னான்.

"உன்மேல பொறாமை இல்லடா. நீ மேல போயிட்டா, இந்த அறையில நான் மட்டும் தனியாக் கிடக்கணுமேன்னு பயந்துட்டேன்."

வாய்ப்புக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னோம் என்றுதான் ஹீரோ இத்தனை வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான். அது இல்லை. வெங்கலம் பெரிய ஆளாகி வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டால், பேச்சுத்துணைக்குத் தனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். அதற்குப் பயந்து செய்த காரியம்தான் அவனை ஒண்டிக்கட்டையாக நிறுத்தியிருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்ணினே?"

யாரும் கேட்காமலே அந்த வரியை இன்னொரு முறை சொன்னான். திரையைப் பார்த்துச் சொல்லவில்லை. பாதியில் குரல் உடைந்தது.

"இதுதான் சார் எனக்கு வேணும். டேக் ஓகே," என்றார் டைரக்டரம்மா.

ஹீரோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன் போல் பேச முயன்றான்.

"வில்லன் வசனத்தை நல்லா எழுதியிருக்காங்க மேடம்."

"யாரும் எழுதலை சார். ஒரிஜினல்ல அந்த இடத்துல அவன் சும்மா சிரிச்சுட்டுப் போயிடுவான். முகமூடிதான் போட்டிருக்கானே, வாயசைவு தெரியாது, ஒரு வரி சேர்த்துப் பேசிக்கட்டுமான்னு வெங்கலம்தான் காலையில கேட்டார்."

ஹெட்போனைக் கழற்றப் போன ஹீரோவின் கை பாதியிலேயே நின்றது.

"'அவன் கெட்டவன் இல்ல மேடம், ஏன் பண்ணான்னு எனக்கு எட்டு வருஷமாத் தெரியும்'னார்," என்று சொல்லிவிட்டு டைரக்டரம்மா அடுத்த காட்சிக்குத் தாளைப் புரட்டினார். "இந்தத் தொடரே போன வருஷம் வந்ததுதானே சார்?"