சோம்பேறிச் சக்கரம்

தொண்டையில் கத்தி இருந்தபோதுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது.

மேனாம்பேட்டில் லோகநாதனின் சலூன். ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடிக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் போர்களைப் பற்றிய ஒரு பாட்காஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. முகம் காட்டாமல், குரலையும் இயந்திரத்தில் மாற்றிப் பேசுகிற ஆள்.

"சென்னைக்குப் பக்கத்துல ஒரு கம்பெனி. ரெண்டு மாசமா அங்க சோம்பேறிக்கு மூணு ஷிப்ட் ஓடுது. போர் வரப்போகுதுங்கறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

துள்ளிவிட்டேன்.

"ஆடாத அண்ணாத்தே, கத்தி கீது. அப்பால தலைய தனியா பார்சல் கட்டணும்" என்றான் லோகநாதன்.

டாங்கியின் பக்கவாட்டில் ஒரு இரும்புச் சங்கிலி சுற்றி ஓடும். பின்பக்கத்துப் பல்சக்கரம் அதை இழுக்கும். முன்பக்கத்தில் இன்னொரு சக்கரம் உண்டு. அதற்கு இன்ஜினோடு தொடர்பே இல்லை. சங்கிலி ஓடினால் கூடச் சுற்றும். ஆனால் அதை ஒரு விரல் முன்னே தள்ளினால் சங்கிலி இறுகும், பின்னே விட்டால் தொங்கும். தொங்கினால் கழன்றுவிடும். வண்டி நடு வயலில் நின்றுவிடும்.

வரைபடத்தில் அதற்கு ஐட்லர் என்று பெயர். எங்கள் செக்‌ஷனில் சோம்பேறி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தச் சக்கரத்தைச் செய்கிற செக்‌ஷனுக்கு நான் சூப்பர்வைசர். வேலையைப் பற்றி வெளியே பேசமாட்டோம் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

போன வாரம் இதே குரல், எங்கள் கேட்டிலிருந்து எத்தனை லாரி போகிறது என்று சொன்னது. நேற்று மேனேஜர் ராஜசேகரன் என்னைக் கூப்பிட்டார். நாளைக் காலை எட்டு மணிக்குள், வெளியே சொன்னது யார் என்று ஒரு பெயர் வேண்டும் என்றார். அந்த ஆளுக்கு இனி எஸ்டேட்டில் எந்த கேட்டும் திறக்காது.

லாரிக் கணக்கு செக்யூரிட்டிக்கும் தெரியும், டிரைவர்களுக்கும் தெரியும். அதனால் நேற்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

சோம்பேறி அப்படி இல்லை. அது பதினோரு பேரின் சொல். என்னைக் கழித்தால் பத்து.

இந்தப் பாட்காஸ்ட்காரர்கள் எல்லோரையும் கேட்பேன், ஒருவரையும் நம்பமாட்டேன். அவர்கள் பேச்சைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றுமிருக்காது. 'இரண்டு வாய்ப்பு இருக்கிறது' என்பார்கள். போர் வரலாம், வராமலும் போகலாம். எது நடந்தாலும் அடுத்த வாரம் 'அன்றைக்கே சொன்னேன்'. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு ஒரு நாட்டுக்குள் நுழைவார்கள். அந்த அம்புக்குறிக்கு டீசல் யார் கொண்டுபோவது என்று யாரும் சொல்வதில்லை.

இவன் மட்டும் சொன்னான். டீசல், சங்கிலி, சேறு, எல்லாம் சரியாகச் சொன்னான். தப்பும் தவறுமாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்குச் சந்தேகம் வருவதில்லை.

மூன்று ஷிப்ட் ஓடினால் போர் என்றதுதான் பிசகு. சக்கரம் தேயும். பழைய வண்டிகளை வரிசையாகப் பிரித்துப் பழுதுபார்க்கும் வருஷத்தில் மாற்றுச் சக்கரம் மொத்தமாகக் கேட்பார்கள். அவ்வளவுதான். யாராவது அவனுக்கு விளக்கியிருக்கலாம்.

பத்துப் பேரையும் மனதுக்குள் வரிசையில் நிற்கவைத்தேன். ஒவ்வொருவராக நகர்ந்து, கடைசியில் பாஸ்கரன் நின்றான்.

ஹோர்முஸ் நீரிணையை மூடினால் கேஸ் சிலிண்டர் என்ன விலைக்குப் போகும் என்று சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறவன். எப்போதும் ஒரு காதில் இயர்போன். கொஞ்ச நாளாக நான் பக்கத்தில் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

லோகநாதன் என் தாடையைத் திருப்பினான்.

"யாருடா இவன்?" என்று ஸ்பீக்கரைக் காட்டிச் சும்மாதான் கேட்டேன்.

"தெரியாதா ஒனக்கு? நம்ம விக்ரம் தம்பி, கள்ளிக்குப்பம். ஞாயித்துக்கெயம ஆனா இந்த பெஞ்சுல குந்திகினு இருக்குமே, அதான்."

பெஞ்சைக் கண்ணாடியில் பார்த்தேன். இன்றைக்குக் காலியாக இருந்தது.

"முடி வெட்டிக்கவே வெட்டிக்காது அண்ணாத்தே. நீ வந்தா மட்டும் வரும். 'சார் முடிக்கட்டும், சார் முடிக்கட்டும்'னு எல்லாரையும் முன்னாடி அனுப்பிவுடும். நீ சொல்றாமாரி எந்த வாத்தியாரும் சொன்னதில்லன்னு ஒரே பாட்டு. எனக்கே இப்ப டாங்கி ஓட்ட வரும், தெரியுமா?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது. முதலில் கொஞ்சம் பெருமைதான் வந்தது.

பிறகு அந்த நாற்காலியில் எத்தனை ஞாயிறு உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணினேன். சங்கிலி எப்படி இறுகும் என்று லோகநாதனின் சீப்பையும் ரப்பர் பேண்டையும் வைத்துக் காட்டியிருக்கிறேன். லாரியையும் சொல்லியிருக்கிறேன். ஷிப்ட்டையும்தான்.

வெளியே வந்தபோது போன் அடித்தது. ராஜசேகரன். நாளை வரை அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்கு ஏதோ சோம்பேறின்னு சொல்றானே, கேட்டியா? பேரு கிடைச்சுதா ஹேமநாதன்?"

கன்னத்தில் படிகாரம் எரிந்தது. ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே கடந்துபோனது.

"பாஸ்கரன் சார்."

"எப்டிய்யா அவ்ளோ உறுதியா சொல்றே?"

ஓரமாக நிழலில் ஒதுங்கிக்கொண்டேன். அவசரப்படாமல், ஒவ்வொன்றாக, அவருக்கு நன்றாகப் புரியும்படி விளக்கினேன்.