பயிற்சிக் கோப்பு

பதினோரு வருடங்களாக ஒரே பயிற்சிக் கோப்பைத்தான் கொடுத்துவருகிறேன். பெயர் தெரியாத யாரோ ஒருவரின் மரபணு வரிசை. அதில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. அது எத்தனையாவது எழுத்து என்று கணினியில் கண்டுபிடிக்க வேண்டும். அந்த எண் எனக்கு மனப்பாடம். அதனால் எந்தத் திரையின் முன்னும் நிற்பதில்லை. சரி, சரி என்று சொல்லியபடியே நடந்துகொண்டிருப்பேன். இந்த முறை பயிற்சி வகுப்பின் மூன்றாம் நாள் மதியம் கடைசி வரிசையில் சகாயமேரியின் திரையில் வேறோர் எண் இருந்தது. கல்லூரி ஆசிரியை, என் வயதுதான் இருக்கும்.

"தப்பு. மறுபடி ரன் பண்ணுங்க."

அவள் முகம் தெளிந்தது. தவறு என்று கேட்டு நிம்மதியடைந்த ஒருவரை அதுவரை நான் பார்த்ததில்லை. மறுபடி செய்தாள். அதே எண்.

"இப்பவும் தப்புதானே மேடம்?"

"தப்புதாங்க. வேற ஃபைலைத் திறந்துட்டீங்களா?"

"ஆமா." குரல் தாழ்ந்தது. "என் சின்னப் பொண்ணோடது. லேப்ல குடுத்தாங்க. டாக்டரு அடுத்த வாரம்தான் பாப்பாராம். பெரியவளுக்கு இந்த நம்பர்லதான் மாறியிருந்துச்சு. அவளக் காப்பாத்த முடியல. நீங்க பாத்ததுமே தப்புன்னு சொல்லிட்டீங்க. நான்தான் ஏதோ தப்பா செஞ்சிருக்கேன், இல்லையா மேடம்?"

நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் கட்டளையிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். நன்றாகக் கற்றிருந்தாள்; எங்கும் பிழையில்லை. படித்து முடித்த பிறகும் கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தேன். எடுத்தால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும்.