மூன்றாவது கோடு

இன்றும் பூசியிருந்தது.

நெற்றி நிறையத் திருநீறு. ஆற அமர உட்கார்ந்து பூசியது போல மூன்று கோடுகள். மூன்றாவது மட்டும் பாதியில் நின்றது. பூசியவள் ஆள் வரும் சத்தம் கேட்டு ஓடியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஈரத்துணியை எடுத்துக் கணவனின் நெற்றியைத் துடைத்தாள்.

அவன் கண் திறக்கவில்லை. குளியலறையில் விழுந்த நாளிலிருந்து திறக்கவில்லை. வாயில் குழாய். அவனுக்காக இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

துடைத்த இடத்தில் ஜெப எண்ணெயைத் தொட்டு வைத்தாள். சபையில் பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்தது.

யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவனுடைய தங்கை காந்திமதி. வாய் ஓயாமல் தேவாரம் முணுமுணுப்பவள். ஐ.சி.யு.வுக்குள் போக ஒரே ஒரு பாஸ்தான், அதுவும் இவள் கையில். இருந்தால் என்ன, எந்த நர்ஸையாவது கைக்குள் போட்டிருப்பாள். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதவள் மாதிரி.

அவன் கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தவன். இந்த நெற்றியோடு போய்விட்டால் ஆண்டவருக்கு என்ன பதில் சொல்வது?

அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நர்ஸிடம் கேட்டாள்.

“இங்க யாரும் எதையும் பூசக் கூடாதும்மா. உங்க எண்ணெயவே டாக்டர் கண்ணுல படாமத்தான் விட்டுவச்சிருக்கோம்.” நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். “திருநீற நாங்களும் தொடச்சுப் பாத்தாச்சு. திரும்பிப் பாக்கதுக்குள்ள இருக்கு.”

அவள் மறுபடி கட்டிலருகே வந்தாள்.

அப்போதுதான் ஸ்டூலைப் பார்த்தாள். தலைமாட்டை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தது. அவள் அதில் உட்கார்ந்ததே இல்லை.

கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். சபையில் கற்றுக்கொடுத்த அதிகாரத்தோடு, அடிக்குரலில் சொன்னாள்.

“யாரா இருந்தாலும் சரி. இயேசுவின் நாமத்தில் கட்டளையிடுகிறேன். இந்த இடத்த விட்டுப் போ.”

ஒன்றும் அசையவில்லை.

மறுநாள் காலை நெற்றி வெறுமையாக இருந்தது.

நேற்று வைத்த எண்ணெய் மட்டும் மினுங்கியது. ஸ்டூல் மூலையில், சுவரை ஒட்டிக் கிடந்தது.

ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டும். ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் வந்தார். நேற்று மதியத்திலிருந்தே ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டு வருகிறது என்றார். இன்றைய பொழுதைத் தாண்ட வேண்டும், உறவுக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

நேற்று மதியம். அவள் போகச் சொன்ன பிறகு.

வெளியே ஓடி வந்தாள். காந்திமதி எழுந்து நின்றாள்.

“திருநீறு வச்சிருக்கியா?”

காந்திமதி ஆச்சரியப்படவில்லை. இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

“உங்ககிட்ட இருந்தது தீந்துபோச்சா மைனி?”

அவளுக்குப் புரியவில்லை.

“நீங்கதான தெனமும் அண்ணனுக்குப் பூசி விடுதிய. கதவுக்குப் பக்கத்துக் கட்டில்தான. நீங்க வீட்டுக்குப் போன பொறவு கண்ணாடி வழியா பாப்பேன், நெத்தி நெறய இருக்கும்.” காந்திமதியின் கண் கலங்கியிருந்தது. “மூணாவது கோடு பாதியில நிக்கும் பாத்தியளா. எங்கப்பா பூசுனா அப்படித்தான் இருக்கும், அவருக்கு மோதிர வெரல் பாதிதான. இத எப்படித் தெரிஞ்சு வச்சுக்கிட்டு மைனி பூசுதாவன்னு நான் ஒக்காந்து அழுதேன். உங்கள என்னெல்லாமோ நெனச்சிருக்கேன், மன்னிச்சிருங்க.”

மாமனார் இறந்து வருஷம் ஒன்றாகிறது. மதம் மாறிய மகன் வேண்டாம் என்று சொல்லி, சாகும்வரை இவர்கள் வீட்டுப் படியை மிதிக்காதவர்.

அவருடைய கையை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை.

காந்திமதியின் கையை ஒரு தடவை அழுத்தினாள். பாஸைக் காட்டி மறுபடி உள்ளே போனாள்.

முதலில் எண்ணெய் வைத்தாள்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். தானே பூச அவளுக்குக் கை வரவில்லை. மனம் ஒப்பாமல் பூசினால் அது பொய். பொட்டலத்தைத் திறந்தபடியே தலையணை ஓரத்தில் வைத்தாள். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துக் கட்டிலை ஒட்டிப் போட்டாள்.

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, நேத்து நான் வெரட்டுனவர மறுபடி அனுப்பும். அவரு எங்க மாமா. தெரியாமச் சொல்லிட்டேன். அவரு இங்க வந்து இருக்கட்டும். மகனுக்காக அவரு அவரு வழியில கேக்கட்டும். நான் என் வழியில கேக்கேன்.”

இயந்திரத்தின் மூச்சு மட்டும் கேட்டது.

“இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன் பிதாவே...”

அவள் வாயெடுப்பதற்குள் வேறொருவர் சொல்லிவிட்டார்.

“ஆமேன்.”

வயதான குரல். சொல்லிப் பழக்கமில்லாத வாய்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எழுந்து போய்விடுவாரோ என்று, ஜெபத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள்.