முதல் அட்டை

எட்டாவது எக்ஸ்ரேவுக்கும் சரியான பதில் வந்ததும், ஹைதராபாத் அலுவலகத்தின் அந்தச் சிறிய அறையில் எல்லோரும் நாற்காலியில் சாய்ந்தார்கள்.

ஹைமவதி மட்டும் சாயவில்லை. இன்னும் ஒரு படம் இருந்தது.

நெஞ்சுப் படங்களைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவு. அதற்குத் திட்டம் போட்டவள் அவள். பின்சுவர் முழுக்க அந்தத் திட்டத்தின் வண்ண அட்டைகள்: இடப்பக்கம் செய்ய வேண்டியவை, வலப்பக்கம் முடிந்தவை. ஏறக்குறைய எல்லாமே வலப்பக்கம் போய்விட்டன. அவள் முதன்முதலில் ஒட்டிய அட்டை மட்டும் இடப்பக்க உச்சியில் வெளுத்துப்போய் நின்றது.

'தெரியாது என்று சொல்லப் பழக்குவது.'

அதை ஒட்டிய அன்று மேலாளர் சேஷகிரி சிரித்தார். "ஏம்மா ஹைமா, தெரிஞ்சதைக் கேக்கறதுக்குத்தானே ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க? தெரியாதுன்னு சொல்ல நம்ம பிரசாத்து போதாதா?"

குழுவிலிருந்த பிரசாத்தும் சேர்ந்துதான் சிரித்தான். அடுத்த வாரம் விளையாட்டாகத் தன் தட்டிலிருந்த பெசரட்டு தோசையைப் படமெடுத்துக் காட்டினான். கொஞ்சமும் தயங்காமல் 'நுரையீரலில் குறையில்லை' என்று வந்தது. அதன்பிறகு அந்த அட்டையை யாரும் கேலி செய்யவில்லை. மற்ற வேலைகளெல்லாம் அதற்காகத் தள்ளிப்போயின. இன்று இது தேறாவிட்டால் ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாது, திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

ஒன்பதாவது படம் திரையில் விழுந்தது. மற்ற எட்டைப் போலவே, இயந்திரம் இதுவரை பார்த்திராத படம்.

ஒரே ஒரு வரி வந்தது.

'எனக்குத் தெரியவில்லை. மேற்கொண்டு பரிசோதனை தேவை.'

பிரசாத்தின் தேநீர்க் கோப்பை உதட்டுக்குப் போகாமல் பாதியில் நின்றது. பெசரட்டுக்கும் பதில் சொன்ன ஒன்று, இப்போது தன் அறிவின் கரையில் வந்து நின்று தலை குனிகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த டாக்டர் ரமணய்யா சிரித்துவிட்டார். "இதுல என்னம்மா தெரியாம போச்சு? சுத்தமான படம். என் மாணவனே சொல்லிடுவான்."

சேஷகிரியின் முகம் செத்துப்போனது. "டாக்டர்காரு, அது வந்து..."

ஹைமவதி படத்தை மாற்றவில்லை.

டாக்டர் எழுந்து திரைக்கு அருகே போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். இதயத்தின் நிழல் விழுந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"இருங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் சொல்லத் தெரியலைம்மா. இவங்களை நான் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். ஸ்கேன் எடுக்கச் சொல்லுவேன்."

ஹைமவதி எழுந்துபோய் அந்த அட்டையைப் பிய்த்து வலப்பக்கம் ஒட்டினாள். அது கோணலாக உட்கார்ந்தது.

படத்தின் மூலையில் நோயாளியின் பெயர் மறைக்கப்பட்டிருந்தது. மறைத்தவள் அவள்தான்.

நான்கு வருடங்களுக்கு முன் இதே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஒண்ணுமில்லை, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று சொன்னவர் இதே டாக்டர்தான்.

அடுத்த சங்கராந்திக்கு அக்கா உயிரோடு இல்லை. ஆனால் அன்று, அந்த நிம்மதியில், வழியில் ஆட்டோவை நிறுத்தி தனக்கும் தங்கைக்கும் பூதரேக்குலு இனிப்பு வாங்கினாள்.