ஏழு அசைவுகள்

பால்கனியில் நின்று கையசைக்க இளவரசி நறுமுகைக்கு மூன்று வாரம் பயிற்சி கொடுத்தவர் சடங்கு அதிகாரி அருளாளர். விரல்கள் ஒட்டியிருக்க வேண்டும், மணிக்கட்டு மட்டும் திரும்ப வேண்டும், அதுவும் ஏழே முறை. அடுத்த மாதம் அரசர் வேண்டுமா வேண்டாமா என்று நாடே வாக்களிக்கப் போகிறது; சின்னப் பிசகுகூட ஆகாது. மக்கள் வாசலில் கூடிய அன்று, மூன்றாவது அசைவிலேயே, காலையிலிருந்து பட்டினி கிடந்த இளவரசியின் கண் வாசலுக்கு வெளியே நின்ற சுண்டல்காரம்மாவின் மீது விழுந்தது. கை தானாகக் கவிழ்ந்து, விரல்கள் மடங்கி, "வா வா" என்றது. அரச குடும்பத்துக் கை அழைத்தால், யாரை என்று கேட்காமல் கதவைத் திறக்க வேண்டும் என்பது பழைய சட்டம். காவலர்கள் திறந்துவிட்டார்கள். கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தன்னைத்தான் கூப்பிட்டதாகத் தோன்றியது. புல்வெளி ஓரத்தில் செருப்புகளை மலையாகக் கழற்றிப் போட்டுவிட்டு எல்லோரும் உள்ளே வந்தார்கள். அரசரும் இளவரசியும் படியிறங்கி வந்துவிட்டார்கள்.

"அருளாளரே, இவங்களை அனுப்பிவைக்க என்ன சைகை?"

அருளாளர் சடங்குப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இருநூறு வருஷத்தில் யாரும் உள்ளே வந்ததே இல்லை.

"அப்படி ஒண்ணும் எழுதி வைக்கலீங்க, மகாராஜா."

இளவரசிக்கு ஒரு பொட்டலம் கொடுத்த சுண்டல்காரம்மா, அரசரிடமும் ஒன்றை நீட்டினாள். "சூடா இருக்கு ராசா, ஊதித் தின்னுங்க."

அரசர் அவளுடைய வெறுங்கால்களைப் பார்த்தார். பிறகு, அத்தனை பேருக்கும் முன்னால் குனிந்து, சிரித்துக்கொண்டே தன் காலணி நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.